குற்றமற்றது

கிழங்கு வயலில் புழு என்று
ஒரு வாளி களிமண்ணோடு வந்தார் ஹைட்சே.
ஃப்ரீஸ்லாந்தில் ஜனவரி; வாளியின் விளிம்பில் உறைபனி.

சல்லடையில் அலசி, இரவு முழுக்கப் புனலில் வடியவிட்டு
காலையில் ஒரு சொட்டை விளக்குக்கு மேல் வைத்தேன்.

பிளெக்டஸ்.
வேரைக் குத்தும் ஊசி இதன் வாயில் இல்லை,
பாக்டீரியாவை இழுக்க வெறும் குழாய்தான்.
தொண்டை முடிகிற இடத்தில் ஒரு குமிழ்,
அதற்குள் ஓயாமல் அரைக்கும் வால்வு.
வால் நுனியில் மூன்று சுரப்பிகளின் பசை:
மணல் துகளில் வாலை ஒட்டிவிட்டு
தலையால் துழாவுகிறது,
கால்வாயில் கட்டிய படகு காற்றுக்குத் திரும்புவதுபோல்.

"உங்கள் வேரைத் தின்றது இது இல்லை."

ஹைட்சே குனிந்தார். கண்வில்லையில் மூச்சு படிந்தது.
"ஆணா?"
"எல்லாம் பெண். ஆண் அநேகமாகத் தேவைப்படாது."
நெடுநேரம் அவர் நிமிரவில்லை.
"காய்ந்தால்?"
"சுருண்டு கிடக்கும், வருடக்கணக்கில்கூட.
நனைந்தால் மறுபடி தின்னும்."

அப்படியானால் தின்றது எது
என்று கேட்க மறந்து
காலி வாளியோடு போனார்.

சாயங்காலம் தொலைபேசி.
"வைட்ஸ்கே, அந்தச் சொட்டு
காய்ந்துவிட்டதா?"

கோட்டைக் கழற்றிவிட்டு
மறுபடி விளக்கைப் போட்டேன்.