எதிர்க்காது

பிறந்த தேதி கேட்டார் ஃபிரி வாத்தியார்.
மலாவி ஏரி வீட்டுக்குள் வந்த வருஷம் என்றேன்.
எந்தத் தடவை வந்தபோது என்றார்.

சரி, கையைத் தூக்கு.
உச்சந்தலைக்கு மேலாக வளைத்து
எதிர்க்காதைத் தொடு.
தலையைச் சாய்க்கக் கூடாது.

அரை விரற்கடையாவது மிச்சமாகுமென்று
முந்தின இரவே மொட்டையடித்திருந்தேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டு எக்கினாள் சியோனே.
காதுக்கு மேலேயே நின்றுவிட்டது நடுவிரல்.
அடுத்த வருஷம், என்றார்
என்னைப் பார்த்து.

வழியெல்லாம் அழுதாள்.
சின்னவனைச் சித்தேஞ்சேத் துணியால்
அவள் முதுகில் கட்டிவிட்டு
உசிப்பா மீன் உலர்த்தப் போனேன்.
இரண்டு கையும் வீசி.

ராத்திரி, விளக்கைத் தணிக்கும்போது பார்த்தேன்:
மல்லாந்து தூங்குகிறாள்,
தலை சாயவில்லை,
மேலே வளைந்த கை
காதைப் பிடித்திருக்கிறது.

விளக்கை அணைத்தேன்.