நாலுமுக்கில் ஒரு கணப்பு

கல்லிடைக்குறிச்சியில் சொன்னால் சிரிக்கிறார்கள்.
திருநெல்வேலிச் சீமையில்
வீட்டுக்குள் தீ மூட்டிக் குளிர்காய்கிறாளாம் ஒருத்தி.
நாத்தனார் செம்பகவல்லி போனில் கேட்டாள்:
"எங்க வீட்டு ஃபேனைக் கழத்தி அனுப்பட்டா, மதினி?"

அவளுக்குத் தெரியாது.
ஐப்பசியில் இங்கே உப்பு தண்ணீராகும்.
துவைத்த சீருடை நாலு நாள் கொடியில் கிடந்து
ஐந்தாம் நாள் நாறும்.
தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்து வைக்கிறேன்.

லைன்வீடு ஒழுகியதால்
டிஸ்பென்சரி நர்சுக்கு
பூட்டிக் கிடந்த பங்களாவில் பாதியைத் திறந்துவிட்டார்கள்.
சுவரில் கருங்கல் வாய் ஒன்று,
உள்ளே யாரோ ஒரு துரை காலத்துச் சாம்பல்.
மாசானம் குனிந்து பார்த்துவிட்டு
"சொடலைக்குப் பூடம் கெட்டின மாரில்லா இருக்கு" என்றார்.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விறகு அடுக்கினார்.

யூகலிப்டஸ், போன வாரம் வெட்டியது.
தீக்குப் பதில் அழுதது.
நுனியில் நுரை தள்ளி, சீறி,
புகை மேலே போக மனமில்லாமல்
எங்களோடு கட்டிலில் வந்து உட்கார்ந்தது.
எப்படியோ பத்து மணிக்குக் கனிந்தது கங்கு.
அழகு! அந்தச் சிவப்பை வீணாக்க மனம் வருமா?
புகைபோக்கியின் தகட்டை இழுத்து அடைத்தேன்.
ஜன்னல் இடுக்கில் பழைய சேலையைத் திணித்தேன்.
சூடு முழுக்க எங்களுக்கே.

ரெண்டு மணிக்கு இசக்கிப்பிரியா எழுந்தாள்.
"எம்மா, தல வலிக்கி."
எனக்கும் வலித்தது.
மாசானத்தை உலுக்கினேன், அவருக்கும்.
பன்னிரண்டு வருட நர்சு நான்.
மூன்று உடம்புக்கு ஒரே நிமிடத்தில்
ஒரே தலைவலி எந்தக் காய்ச்சலிலும் வராது.
புகையே இல்லை அறையில்.
மணமும் இல்லை.
அதுதான் பயம்.

கதவை உதைத்துத் திறந்து மழைக்குள் நின்றோம்,
போர்வையும் அட்டையுமாக.
தேயிலைக்கு நடுவே ஒரு காட்டுமாடு
மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது.
இசக்கி அதன்மீதே வாந்தி எடுப்பதுபோல் குனிந்தாள்.
பிறகு சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு வரும்வரை
நான் அவள் மணிக்கட்டை விடவில்லை.

விடிந்ததும் கூரையில் ஏறினார் மாசானம்.
சங்கிலியில் முள்கம்பி கட்டி உள்ளே இறக்கி ஆட்ட
ஒரு சாக்குக் கரி விழுந்தது,
தார்போல் மினுங்கும் கரி, பற்றினால் கூரையே போகும்.
கடைசியில் ஒரு கூடு. முட்டை இல்லை, நல்லவேளை.

இப்போது கவாத்து வெட்டிய தேயிலைத் தூர்தான் எரிக்கிறேன்,
ஒரு கோடை முழுக்கக் காய்ந்தது.
இரண்டு கட்டையைத் தட்டினால்
கிண்ணென்று கேட்க வேண்டும். தொப்பென்றால் வெளியே.
முதலில் ஒரு தாளைக் கொளுத்தி
புகைபோக்கியின் தொண்டையில் காட்டுவேன்,
அது மூச்சை மேலே இழுக்கிறதா என்று.
மண்ணெண்ணெய் பக்கமே வரக்கூடாது.
ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கும், குளிரட்டும்.
சின்னத் தீ, ஆனால் நாக்கோடு எரிகிற தீ.
புழுங்குகிற பெரிய தீயைவிட அது
விறகும் குறைவாகத் தின்னும், கரியும் படியாது.
சாம்பல் மூடிபோட்ட தகர வாளியில், சிமென்ட் தரையில், வெளியே.
மறுநாள் மத்தியானம் அதைக் கிளறினேன்,
உள்ளே ஒரு கண் இன்னும் விழித்திருந்தது.

கங்கு சாகாமல் தகட்டை மூடுவதில்லை.
அதனால் தூக்கம் குறைவு.
இசக்கி தூங்குவாள், நான் காத்திருப்பேன்,
சிவப்பு சாம்பலாகி, சாம்பல் ஆறும்வரை
சின்னப் பிள்ளை தூங்குவதைப் பார்க்கிறவள்போல
இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு.

டிஸ்பென்சரி நோட்டில்
பெயர், வயது, என்ன செய்கிறது என்று
மூன்று கட்டங்கள்தான் அச்சடித்திருக்கிறார்கள்.
ஸ்கேல் வைத்து நான்காவது போட்டேன்.
ஊத்திலிருந்து மழையில் நடந்து வந்த
தெபோராள் மாத்திரைக்குக் கை நீட்டுகிறாள்.
"தலவலின்னா மாத்திரைய தாங்களேன்.
அடுப்பு எங்க வச்சா ஒங்களுக்கு என்ன?"
"சொல்லு. வீட்ல எத்தன பேருக்கு வலிச்சுது?"
அவள் விரல்களை மடக்கத் தொடங்கினாள்.
நான்காவது விரலில்
கை அப்படியே நின்றது.