உப்புக்குத்தி

ஏறுவது நல்ல காலால்,
இறங்குவது நோகிற காலால்.
மெதுவாக. பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை.
காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம்.

"நோவாதா டாக்டர்?"
"நோவணும். கொஞ்சம்."

களியக்காவிளைத் தடத்தில்
பதினொரு வருடம் நின்றே வேலைபார்த்த கால்.
வில்லுக்குறி வளைவில் கம்பியைப் பிடிக்காமல்
சில்லறை எண்ணத் தெரிந்த கால்.
ஒன்றரை வருடமாக
கட்டிலைவிட்டு இறங்கியதும்
குதிகாலின் பின்னே காய்ந்த கயிறு முறுக்குகிறது.
முதல் பத்தடிக்கு நான் சுவரின் ஆள்.

சுட்ட செங்கலில் எருக்கிலை வைத்து மிதித்தாயிற்று.
தக்கலை ஆசான் எண்ணெயிட்டுத் தடவியாயிற்று.
நரம்பு என்றேன்.
"நரம்பு இல்ல, தசைநாண்" என்றார் டாக்டர் ஷைனி.
பெயர் மாறியும் நோவு மாறவில்லை.

களியக்காவிளையில் வண்டி பன்னிரண்டு நிமிடம் நிற்கும்.
டிரைவர் தாசையன் சாயாவுக்குப் போனதும்
பின்படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி
குதிகாலைக் காற்றில் இறக்குவேன்.
மீன் சருவத்தோடு நின்ற அம்மா கேட்டாள்:
"கண்டக்டரே, நீரு இறங்குதீரா, ஏறுதீரா?"
"இறங்கப் படிக்கேன்."

ஒன்பதாம் வாரமும் முறுக்கு அவிழவில்லை.
குப்புறப் படுக்கவைத்து
ஸ்கேன் திரையைப் பார்த்தபடி
நாணுக்கும் கொழுப்புக்கும் நடுவே ஊசி.
மரப்பு மருந்து கொஞ்சம், மீதியெல்லாம் உப்புத் தண்ணீர்.
"உப்புத் தண்ணியா? அதுக்கு
குளச்சல் கடல்லயே காலை வச்சிருப்பனே."
அவர் சிரித்தார். ஊசி அசையவில்லை.

எங்கள் பக்கம் குதிகாலுக்கு உப்புக்குத்தி என்றே பேர்.
அந்தப் பேரை வைத்தவனுக்கும்
இங்கேதான் நொந்திருக்குமோ?

"ஊசி வலியைத்தான் இறக்கும்.
நாணைக் கட்டுறது நீங்க. படியை விட்டுராதீங்க."

ஒரு வாரம் ஓய்வு. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.
பாரம் கூட்டச் சொன்னார்.
மகள் ஜெனிஷாவின் பையை முதுகில் மாட்டினேன்.
ஏழாம் வகுப்பு மொத்தமும்
என் உப்புக்குத்திமேல் இறங்கியது,
வரலாறு கொஞ்சம் கனம்.

இன்று விடியலில்
குளியலறை வாசலில்தான் நினைவு வந்தது,
சுவரைத் தொடவில்லை.
திரும்பிவந்து ஒருதடவை தொட்டுக்கொண்டேன்.

நோவு முழுக்கப் போகவில்லை.
டிக்கெட் முதுகில் எழுதிக்கொடுத்த
மீதிச் சில்லறை மாதிரி இருக்கிறது.
இறங்கும்போது கேட்டு வாங்கணும்.