மாற்றம் எதுவும் இல்லை

வெள்ளவத்தை. இரவு ஒன்றே முக்கால்.
கடைசி ரயில் போய் நெடுநேரம்;
தண்டவாளத்துக்கு அப்பால் கடல் தன் பாட்டில்.
கறுப்புத் திரையில் ஒரே வரி தட்டுகிறேன்.
இருக்கவேண்டியதை எழுதிவைத்தது நான்.
இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு வருவது
கருவியின் வேலை.
சிங்கப்பூரில் பதினொரு சேர்வர்.
எண்ணிவிட்டுச் சொல்கிறது:
மாற்றம் எதுவும் இல்லை.

ஆனால் பில்லில் பன்னிரண்டு.

டொலரில் வரும் பில். இமேஷா அதைச்
சிவப்பில் சுழித்து அனுப்பியிருக்கிறாள்:
“இது யாருடையது?”

தேடிப் பிடித்தேன். பெயர் ‘தற்காலிகம்’,
ஆங்கில எழுத்தில், ஒரு எழுத்துப் பிழையோடு.
துவாரகன் செய்தது. மின்வெட்டு நாட்களில்,
ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்த ஓர் இரவில்
கைப்பேசி வெளிச்சத்தில், கையாலேயே,
எந்தக் கோப்பிலும் எழுதாமல்.
மூன்றாம் மாதம் அவன் மெல்பேர்ன் போய்விட்டான்.

அழிக்க ஒரு சொல் போதும்.
கருவி ஒருமுறைதான் கேட்கும், உறுதியா என்று.
ஆம் என்றால் பிறகு பேச்சில்லை.

விரலை எடுத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன்.
இரண்டு பத்துக்கு அது விழித்தது.
நாளைய கிளினிக் நம்பர்களை
நானூற்றுச் சொச்சம் பேருக்குக் குறுஞ்செய்தியாய் அனுப்பியது.
மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ், தெமட்டகொடை.
அனுப்பி முடித்து மறுபடி படுத்துக்கொண்டது.
இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைத் தேடவில்லை,
ஒருநாளும் அது விழவில்லை என்பதால்.

இந்த அனெக்ஸில் எனக்கு ஆறு வருடம்.
கிராம சேவகரின் பதிவில்
வீட்டுக்காரரும் மனைவியும் மட்டும்.
கரண்ட் பில்லில் பாதி என்னுடையது.

ஒன்பது வரி எழுதினேன்: அளவு, வலயம், திறக்கும் கதவு.
பெயரை மட்டும் திருத்தவில்லை. திருத்தினால்
இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டும்,
அது கருவியின் குணம்.
பிழையையும் பிழையாகவே எழுதி
உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள் என்றேன்.
முதல் தடவை ஏசியது, எங்கோ ஓர் அடைப்புக்குறி குறைவு.
இரண்டாம் தடவை போய் எண்ணியது. பன்னிரண்டு.
மாற்றம் எதுவும் இல்லை.

இமேஷாவுக்கு ‘எங்களுடையது’ என்று அனுப்பினேன்.
துவாரகனுக்கும் ஒரு வரி:
உன்ர பெட்டி இன்னும் ஓடுது மச்சான்.

அங்கே விடிந்திருக்க வேண்டும். உடனே பதில்.

எந்தப் பெட்டி?