நிழலைத் தூக்குதல்

பகாவ், டயர்க்கடை மாடி.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
மதியம் மூன்றானது
கீழே செம்பனை லாரியின் ஹாரனில் மட்டும் தெரியும்.

திரையில் யோகமலர் கல்யாணம்.
நீலக் கூடாரத்தின் அடியில்
எல்லாருமே லேசாய் நீலம்:
மேளக்காரர், ஐயர், மாப்பிள்ளையின் பல்.
வெள்ளை எதுவென்று தேடினேன்.
வேட்டியில் ஏற்கெனவே சொட்டுநீலம்.
கடைசியில் இலைச்சோற்றைத் தொட்டு
இதுதான் வெள்ளை என்றேன்.
மஞ்சள் மஞ்சளானது.

"பொண்ணை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்குங்க லா."
மாப்பிள்ளையின் அக்காள், மூன்று குரல்பதிவு.
ஸ்கோப்பில் கறுப்பும் மாநிறமும்
மொய் எழுத வந்த சீன முதலாளியும்
ஒரே சாய்கோட்டில்தான் விழுகிறார்கள்.
அதைச் சொல்லவில்லை.
பார்க்கிறேன் என்றேன்.

இரவு, பெண்ணிடமிருந்து ஒரு வரி:
"அண்ணே, எங்கம்மா எங்கயாச்சும் விழுந்திருக்காங்களா?"

தாலி கட்டும் ஷாட்டுக்குப் போனேன்.
சினிமா மாதிரி இருக்கட்டுமென்று
கறுப்பை நானே அழுத்தி வைத்திருந்தேன்.
விட்டேன்.
ஓரத்தில் மட்டும் ஒரு மாஸ்க் போட்டு
லிஃப்ட்டை நகர்த்தினேன், நகம் அளவு.
ஜெனரேட்டர் வந்தது.
செம்பனையின் முதல் வரிசை வந்தது.
நடுவே பொட்டில்லாத ஒரு நெற்றி,
மூடிய கை.

அங்கிருந்தே வீசுகிறாள்.
பாதி தூரம்தான் வருகிறது அட்சதை.

இன்னும் தூக்கினால்
அவளைச் சுற்றிப் புள்ளிப்புள்ளியாய் இரைச்சல்.
எது புள்ளி, எது அரிசி?
இரைச்சல் நீக்கியைத் திறந்து,
மூடி,
அப்படியே ரெண்டருக்கு விட்டுவிட்டு
கீழே தே ஓ குடிக்கப் போனேன்.