முந்நூறு வரை எண்ணுதல்

கிரேமவுத்துக்கு வடக்கே, மழை ஓயாத சரிவில்,
மூடிய சுரங்கத்தின் வாயருகே
ஆல்வின் கோக்ரன் ஓடைக்கரையை வெட்டிக் கொடுத்தான்.
"எலும்பு கிடைக்குமா?" என்றான்.
"கிடைக்காது. மகரந்தம்தான்."
மண்வாரி எஞ்சினை அணைத்துவிட்டு
வெகுநேரம் என்னைப் பார்த்தான்,
இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவந்தது இதற்கா என்பதுபோல.

காட்டினேன்:
கீழே கரி, மேலே கரி,
நடுவே விரற்கடைகூட இல்லாத களி.
கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.
மறைத்தும் பார்த்தான்.
"இவ்வளவுதானா?"
இவ்வளவுதான்.

கண்ணாடியைத் தின்னும் அமிலத்தில்
ஆய்வகத்தில் அந்தக் கல்லை இட்டேன்.
மணல் போனது, களி போனது,
ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகள்
ஒரு பிளாஸ்டிக் குவளையில் நுரைத்து அடங்கின.
கரையாமல் நின்றது தூள்.
காற்றில் பறக்கப் பிறந்தது,
கல்லை விடக் கெட்டி.

சில்லு ஒன்றுக்கு முந்நூறு எண்ண வேண்டும்.
முந்நூறு போதும்,
ஒரு காடு எப்படி நின்றது என்று தெரிந்துவிடும்.

களிக்குக் கீழே எடுத்ததில்
பெயர் தேடியே விரல் ஓய்ந்தது.
ஊசியிலை மரங்களின் இரட்டைக் காற்றுப்பை,
தென்பீச்சின் முள்விளிம்பு,
முனை மழுங்கிய முக்கோணங்கள்,
உலகுக்கு இன்னும் முழுதாய்ப் பழகாத பூக்களின்
சின்னஞ்சிறு உருண்டைகள்.
எண்பது பெயருக்கு மேல்.
ஏதோ பெருமிருகம் அந்தக் கிளைகளை உரசிப் போயிருக்கும்,
முதுகில் மஞ்சள் ஒட்டியிருக்கும்.
பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.
எண்ணினேன்.

களிக்குள்
நாற்பது நிமிடம் சில்லை நகர்த்தினேன்.
கரித்துகள்.
கரித்துகள்.
ஒருமுறையும் அழுத்தாத எண்ணுமானி கையில் கனத்தது.

களிக்கு மேலே, நகத்தின் உயரம்கூட இல்லை:
பெரணி.
நடுவில் மூன்றுகால் தழும்போடு
பெரணி, பெரணி, பெரணி.
பூக்கத் தெரியாதது, காய்க்கத் தெரியாதது,
எந்தப் பூச்சியின் தயவும் வேண்டாதது.
எரிந்த நிலத்தில்
யாரும் கேட்காமல் குடியேறிக்கொண்டது.
ஒரே விசையை அழுத்திக்கொண்டே இருந்தேன்.
டக் டக் டக்.
"என்ன, ரயில் ஓட்டுகிறாயா?" என்றாள்
பக்கத்து மேசை மெரியானா.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

முந்நூறாவது பெரணி இல்லை.

இரண்டு காற்றுப்பை, நடுவே உடல்.
ரிமு மரத்தின் சாதி.

நாற்காலியில் நிமிர்ந்தேன்.
சுரங்க வாயில் நிற்பது ரிமு.
என் மழைச்சட்டையில் உதிர்ந்தது ரிமு.
ஆல்வின் நீட்டிய டீக்கோப்பையில்
மிதந்ததும் அதுவாக இருக்கலாம்.
சாயம் முன்பே ஏற்றியாயிற்று:
புதியது செக்கச் சிவக்கும், பழையது பழுப்பாய் நிற்கும்.
இதுவோ இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தில்
பிடிகொடுக்காமல் கிடந்தது.

எரியாத மரம் ஒன்று
எங்கோ ஒரு பள்ளத்தாக்கின் சாம்பல் இருட்டில் நின்று,
பெண்கூம்பு ஏதும் மிச்சமில்லாத திசைக்கு
ஆண்டுதோறும் தூளை அனுப்பிக்கொண்டிருந்ததா?
இல்லை, போன செவ்வாய்க்கிழமை
என் சட்டைக்கை மடிப்பில் ஏறி வந்ததா?

மெரியானா குனிந்து பார்த்தாள்.
குவியத்தை ஒருமுறை திருகினாள். நிமிர்ந்தாள்.
"நீயே எழுதிக்கொள்" என்றாள்.

பெரணி என்ற கட்டத்தில் பேனாவால் 299.
கீழ்க்கட்டத்தில் பென்சிலால் ஒன்று.
அழுத்தி எழுதவில்லை.

இருட்டிய பிறகு ஆல்வின் அழைத்தான்.
ராத்திரி மழையில் கரை முழுக்கச் சரிந்துவிட்டதாம்,
களி எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லையாம்.
"மறுபடி வெட்டணுமா?"
பென்சில் எண்ணைப் பார்த்துக்கொண்டே
யோசிக்கிறேன் என்றேன்.
"யோசி. ஆனால் சீக்கிரம் சொல்.
சரிந்த மண்ணில் முதலில் பெரணிதான் ஏறும்.
அது வந்துவிட்டால்
அப்புறம் இடமே அடையாளம் தெரியாது."