முதல் ஆய்வறிக்கைக்குப் பதில்

கிண்டி, காப்புரிமை அலுவலகம்.
தேர்வாளர் அவர்களுக்கு,
கோபி சத்தி ரோட்டில்
உரக்கடை மாடியிலிருந்து எழுதுவது.

பதிலுக்கு நீங்கள் தந்தது ஆறு மாதம்.
ஐந்து மாதம் பத்தொன்பது நாள் போய்விட்டது.
நடுவில் வைகாசி, இருபத்திமூன்று கல்யாணம்.
முகூர்த்தம் யாருடைய கெடுவையும் கேட்பதில்லைங்க.

மூன்றாவது ஆட்சேபனையை முதலில் முடிக்கிறேன்.
"வெறும் கணினி நிரல்."
இதற்கு ஏஜென்ட் நாலு பக்கம் தனியே எழுதியிருக்கிறார்.
எனக்கு விளங்கவில்லை, உங்களுக்கு விளங்கும்.

"இத்துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒருவருக்கு
இது தானாகவே தெரியக்கூடியது."
அந்த ஒருவர் யாருங்க?
பெருந்துறையில் விசாரித்தேன், கவுந்தப்பாடியில் விசாரித்தேன்.
தேர்ச்சிக்குக் குறைவில்லை.
தாலி கட்டும் இடத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் படத்தைச் சுட்டுவிட்டால்
அந்த இடத்தில் ரோஜா இதழ் கொட்டவிடுவார்கள்,
இல்லையென்றால் இரண்டு புறா.

அப்புறம் அந்த ஜப்பான் கம்பெனி.
நான் ஐந்தாவது படிக்கும்போதே பதிந்துவிட்டார்களாம்:
சுட்ட ஃபிரேமைக் கண்டுபிடி,
எடுத்து எறி,
முன்னதையும் பின்னதையும் வைத்து
நடுவில் ஒன்றைச் செய்.
உரிமைக்கோரல் என்பது வரப்புத் தகராறு,
எங்கள் பக்கத்தில் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
அவர்கள் வரப்பு எதுவரை என்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்:
முதல் வருடம் நானும் அவர்கள் காட்டில்தான் உழுதேன்.

மேவானிப் பக்கம் ஒரு மண்டபம்.
பெயர் வேண்டாம், இந்தக் கடிதமும்
எல்லோரும் பார்க்கிற இடத்துக்கு வரும் என்றார்கள்.
அருமைக்காரர் தலையசைத்தார்,
மங்கல வாழ்த்து ஏறியது,
ஒன்பது கேமரா ஒரே மூச்சில் மின்னியது.
சென்னியப்பன் எடுத்த வீடியோவில்
பதினாறு ஃபிரேம்,
மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கல்யாணம்.
என் முறை பதினாறையும் புதிதாய்ச் செய்தது.
ஒட்டுத் தெரியவில்லை.
பாக்கிப் பணத்தை அன்றே கொடுத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பெண்
தனியாய் மாடியேறி வந்தாள்.
"அக்கா, நான் கையை எடுத்தனுங்க்கா.
வீடியோவுல இல்லீங்க்கா.
எடுத்தனா இல்லியான்னு
இப்ப எனக்கே தெரியலைங்க்கா."

சென்னியப்பன் சோம்பேறி, ஹார்டு டிஸ்கைத் துடைப்பதில்லை.
மூலத்தைத் தேடி ஓடவிட்டேன்.
வெள்ளைக்குக் கீழே
மடியிலிருந்து ஒரு கை எழுகிறது,
விரல் விரிகிறது,
கொஞ்சம் இருங்கள் என்பதுபோல் நிற்கிறது,
இறங்குகிறது.
அரை நொடிக்குச் சற்று மேல்.
முன்னால் கை மடியில், பின்னால் கை மடியில்;
நடுவிலும் மடியில்தான் என்று
கணக்குப் போட்டது நான் எழுதிய சூத்திரம்.
கணக்கில் பிழை இல்லை.

பதினொரு தடவை பார்த்தாள்.
பென் டிரைவ் வேண்டுமா என்றேன்.
வேண்டாம் என்று இறங்கிப் போனாள்.
கீழே யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்,
வண்டி நகரும்வரை படியிலேயே நின்றாள்.

அன்று ராத்திரி எழுதியது
ஏழாவது உரிமைக்கோரல்:
மேற்படி சேதமுற்ற சட்டகம் அழிக்கப்படாமல்,
மேற்படி புனைந்த சட்டகத்தின் அடியில்
அதே கால எண்ணோடு பிணைக்கப்பட்டு,
கேட்கும்போது மீட்கத்தக்கதாய் இருத்தல்.

ஜப்பான்காரர்கள் எறிந்தார்கள், நான் எறியவில்லை.
வித்தியாசம் இவ்வளவுதான்.
இதனால் என்ன தொழில்நுட்பப் பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.
அந்தக் கட்டத்தில் ஏஜென்ட்
"சேமிப்புத் திறன்" என்று போடச் சொன்னார்.
போட்டிருக்கிறேன்.

இணைப்பு: திருத்திய வரைபடம் நான்கு.
மணவறை, விளக்கு, ஆட்கள் எல்லாம் நீக்கப்பட்டுள்ளன.
எண் 110, வெள்ளைப் பகுதி.
எண் 112, கை.